தப்புக்குச் சைரன் வைத்தவர்கள்

காட்சியகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் இருக்கும் இயந்திரங்களை எடுத்துவிட்டுத் தொடுதிரை வைக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் பழைய ஆட்களிடம் அனுபவம் கேட்டு மலர் போடுகிறார்களாம்.

"அண்ணாச்சி, ஊடாடும் காட்சிப் பொருள எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதித் தாங்க."

ஊடாடும் என்றால் என்ன என்று கேட்டேன். பார்க்கிறவர் தொட்டால் அது திரும்ப ஏதாவது செய்யும் என்றார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் தெரு நாயும் ஊடாடும் பொருள்தான்.

எட்டாவதோடு நின்றவன் நான். சுருக்கமாக எழுதுகிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு ஒப்பந்தக்காரரின் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். பாரம் இழுக்கும் வின்ச், கப்பி, கம்பிவடம், பிரேக். கற்றுக்கொண்டது அடி வாங்கித்தான். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பட்டறையை மூடினார்கள். அப்போதுதான் கடலைப் பற்றி ஒரு காட்சியகம் திறந்து ஃபிட்டர் தேடினார்கள். போனேன். பெயர் வேண்டாம்.

முதல் சில வருடம் என் வேலை பொத்தான் மாற்றுவது. ஒரு பொத்தானை அமுக்கினால் திமிங்கிலம் கத்தும். இன்னொன்றை அமுக்கினால் கலங்கரை விளக்கம் சுற்றும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளே வந்ததும் எல்லாப் பொத்தானையும் ஒரே ஓட்டத்தில் அமுக்கிவிட்டு வெளியே ஐஸ் வண்டிக்குப் போய்விடும். வாத்தியார்கள் நிழலில் நின்று போன் பார்ப்பார்கள். அறிக்கையில் மாணவர்கள் ஆர்வமுடன் கற்றனர் என்று இருக்கும். என்ன கற்றார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அமுக்கக் கற்றார்கள்.

பிறகு எஸ்தர் மேடம் வந்தார்கள். நாசரேத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு, பாடத்தை எப்படி அமைப்பது என்பதையே தனியாகப் படித்துவிட்டு வந்தவர். அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்ததும் சிரிப்பு வந்தது.

அந்த அம்மா வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. கூடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு வாரம் நின்றார்கள். வருகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கையைப் பார்ப்பார்கள். கை எங்கே போகிறது, எப்போது நிற்கிறது, எப்போது விட்டுவிட்டுப் போகிறது.

"முகம் பொய் சொல்லும் அண்ணாச்சி. மரியாதைக்குச் சிரிப்பாங்க. கைக்கு மரியாத தெரியாது" என்றார்கள்.

நல்லா இருக்கு என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. சரியாக இருந்தால் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். தவறாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். அவர்கள் கண்ணாடி அநேகமாக எப்போதும் சுத்தமாகவே இருந்தது.

அவர்கள் வேலை செய்யும் முறை இது. எந்தப் பொருள் செய்வதாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பார்த்துவிட்டுப் போகிறவன் வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்கிற வாக்கியம். அது எழுத வரவில்லை என்றால் பொருள் கிடையாது. இரண்டு வாக்கியம் வந்தால் இரண்டு பொருள். பிறகு அந்த வாக்கியத்தைக் கை எப்படிச் செய்யும் என்று பார்க்க வேண்டும். வாய் படிப்பதற்கு முன்னால் கை செய்துவிட வேண்டும். எழுத்து அதற்குப் பிறகு. பலகையில் எழுதப் போவதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவார்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டிவிடுவார்கள். பிறகு அட்டை, கயிறு, பழைய சைக்கிள் சக்கரம், இவற்றை வைத்து நான் ஒரு மாதிரி கட்ட வேண்டும். இரும்பைத் தொடக் கூடாது. அந்த அட்டையைக் கூடத்தில் வைத்துச் சனத்தை விட வேண்டும். பேசக் கூடாது. விளக்கக் கூடாது. அது எனக்குச் சுலபம்.

பார்த்தவர்கள் போகும்போது மேடம் ஒரு கேள்வி கேட்பார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள்.

"வீட்டுல போய் என்ன சொல்லுவீங்க?"

எழுதிவைத்த வாக்கியமும் சனம் சொல்வதும் ஒன்றாக இருந்தால் இரும்பைத் தொடலாம். இல்லாவிட்டால் அட்டையைக் கிழிக்க வேண்டும். நான் கிழித்த அட்டை கொஞ்சமில்லை. வேலை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று பல நாள் நினைத்தேன். பிறகு பார்த்தால் பொத்தான் மாற்றுகிற வேலை குறைந்துவிட்டது.

இப்போது லூர்து விஷயத்துக்கு வருகிறேன்.

லூர்து சங்கு குளித்தவன். முத்துக் குளிப்பு நின்று போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சங்குக்கு இன்றைக்கும் இறங்குகிறார்கள். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து காற்று வருகிற குழாயை வாயில் கடித்துக்கொண்டு அடியில் கிடப்பார்கள். அதிக நேரம் அடியில் கிடந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் காற்று நுரைக்கும், சோடாவைத் திறந்தது போல. சிலருக்கு மூட்டு வலியோடு போகும். லூர்துக்கு இரண்டு காலும் போனது. மூன்று சக்கர வண்டியில்தான் வருவான்.

முத்துக் குளித்த காலத்தில் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவள் தாலி என்ற நினைப்பில் விட மாட்டான் என்று கணக்கு. கயிறு போய்க் குழாய் வந்த பிறகும் லூர்து அப்படித்தான் வைத்திருந்தான். அவன் குழாயைப் பார்த்துக்கொண்டவன் ராயப்பன், அவன் மச்சான். லூர்துக்குக் கால் போனதும் ராயப்பன் அந்தக் குழாயை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டான். இரண்டு வீட்டுக்கும் சோறு வேண்டுமே. அவனும் அதே வேகத்தில்தான் ஏறினான். அன்றைக்குள் இன்னொரு முறை இறங்கலாம் என்று.

லூர்து சொல்லிப் பார்த்தான். அவன் பெண்டாட்டி சொல்லிப் பார்த்தாள். "ஒமக்கு நேரம் சரியில்ல மச்சான், அதுக்கு நான் என்ன செய்ய" என்றானாம் ராயப்பன்.

லூர்து மேடத்திடம் வந்தது அதற்காகத்தான். காட்சியகத்தில் குளியாட்களுக்கு ஒரு பொருள் வையுங்கள் என்றான். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கான். அவன் கையில குடுங்க. அவன் கையே அவனுக்குச் சொல்லட்டும்."

மேடம் கண்ணாடியைத் தொடவில்லை. வாக்கியத்தை அப்போதே எழுதினார்கள்: மெதுவாக ஏறினால் நடந்து வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் செய்கிற பொறுப்பு எங்களுக்கு வரவில்லை. மேலிடத்தில் இருந்த அதிகாரி சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்துவிட்டார். அங்கிருந்து ஒரு பையன் வந்தான். டிசைனராம். மேடம் வாக்கியத்தைக் கொடுத்தார்கள். அட்டையில் செய்து பார்க்கலாம் என்றார்கள்.

"மேடம், எங்ககிட்ட சாஃப்ட்வேர்ல எல்லாமே டெஸ்ட் ஆயிடும்" என்றான்.

பெட்டி லாரியில் வந்து இறங்கியது. உயரமான கண்ணாடிக் குழாய், உள்ளே நீலத் தண்ணீர். அடியில் ஒரு குளியாள் பொம்மை. வெளியே ஒரு சக்கரம். சக்கரத்தைச் சுற்றினால் பொம்மை மேலே ஏறும். மெதுவாகச் சுற்றினால் பேசாமல் மேலே வந்து நிற்கும். வேகமாகச் சுற்றினால் சிவப்பு விளக்கு சுழலும், சைரன் அலறும், பொம்மை கைகால் உதறி ஆடும். பக்கத்தில் ஆள் உயரப் பலகை. அதில் நைட்ரஜன் பற்றி எல்லாம் இருந்தது. மேடம் படித்துப் பார்த்தார்கள். முதல் வாக்கியத்திலேயே மூச்சு முட்டியது.

திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு நாள் சனத்தை விட்டுப் பார்த்தோம். லூர்தும் வண்டியில் வந்து ஓரமாக இருந்தான்.

திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்புகிற ஒரு குடும்பம் உள்ளே வந்தது. மொட்டை போட்ட பிள்ளை ஒன்று சக்கரத்தைப் பிடித்தது. மெதுவாகச் சுற்றிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. அப்பன்காரன் பக்கத்தில் வந்து, "ஏலே, நல்லா சுத்துலே, சோறு திங்கலியா" என்றான். பிள்ளை முழு மூச்சில் சுற்றியது. சைரன் அலறியது. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரே கைதட்டல். அவ்வளவுதான், அதற்குப் பிறகு வரிசை நின்றது. பெரியவர்களும் நின்றார்கள். யார் சீக்கிரம் சைரன் அடிக்க வைக்கிறார்கள் என்று போட்டி. மெதுவாகச் சுற்றினவனைப் பின்னால் நின்றவர்கள் கேலி செய்தார்கள்.

டிசைனர் பையன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். "என்கேஜ்மெண்ட் பாருங்க மேடம், செம" என்றான்.

மேடம் அந்த மொட்டைப் பிள்ளையைக் கூப்பிட்டுக் குனிந்து கேட்டார்கள். "வீட்டுல போய் என்ன சொல்லுவ?"

"வேகமா சுத்துனா பொம்ம டான்ஸ் ஆடும்னு சொல்லுவேன்."

லூர்து வண்டியிலிருந்து சொன்னான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "எனக்குச் சைரன் அடிக்கல மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்கள். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு என்னிடம், "அண்ணாச்சி, தார்ப்பாய் இருக்கா?" என்றார்கள்.

இருந்தது. மூடிக் கட்டினேன்.

அன்று மாலையே அதிகாரி வந்தார். மறுநாள் விழா. பெரிய மனிதர் ஒருவர் வந்து அந்தச் சக்கரத்தைச் சுற்றித்தான் திறந்துவைப்பதாக ஏற்பாடு.

"நல்லாத்தான ஓடுது, ஏன் மூடினீங்க?"

"ஓடுது சார். தப்பாச் சொல்லிக் குடுக்குது."

"தப்புன்னா சைரன் அடிக்குதுல்ல. அதுதான எச்சரிக்கை."

"சைரன் அவங்களுக்குப் பரிசு சார். தப்புக்குப் பரிசு குடுத்தா தப்பத்தான் கத்துக்குவாங்க. சரியாச் செஞ்சவனுக்கு நாம ஒண்ணுமே குடுக்கல."

"விளக்கத்துக்குத்தான் பலகை இருக்குல்ல."

"இன்னைக்கு அத ஒருத்தரும் படிக்கல. படிக்கட்டும்னு சக்கரம் வைக்கக் கூடாது சார். சக்கரமே சொல்லணும்."

"சரி, பழுதுன்னு ஒரு அட்டை எழுதி மாட்டுங்க. நான் சமாளிச்சுக்கிறேன்."

மேடம் அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. பழுது இல்லையே என்றார்கள். அவர்கள் சொன்னபடி அட்டையில் நானே பெயிண்டால் எழுதினேன்: இது தவறாகக் கற்றுக்கொடுக்கிறது. திருத்துகிறோம். மறுநாள் பெரிய மனிதர் அதைப் படித்துவிட்டு ஏதோ தத்துவம் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டு போனார். திமிங்கிலப் பொத்தானை அமுக்கித் திறந்துவைத்தார். திமிங்கிலம் கத்தியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அதிகாரி மேடத்தோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எங்களுக்கு அது வசதியாக இருந்தது. வேலையை ஆரம்பித்தோம்.

முதலில் சைரனையும் விளக்கையும் கழற்றினேன். மேடம் சொன்னது இதுதான்: தப்பாகச் செய்தால் சலிக்க வேண்டும், சரியாகச் செய்தால் நன்றாக இருக்க வேண்டும். இதுவரை தலைகீழாக இருந்தது. வேகமாகச் சுற்றினால் பொம்மையின் கால் மடங்க வேண்டும். சக்கரம் பிடிப்பு விட்டு வெறுமனே சுழல வேண்டும். சத்தம் கூடாது. பொம்மை தானாக மெல்ல அடிக்கு இறங்கும். அதுவரை சுற்றினவன் சும்மா நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போது கண் போகிற இடத்தில் ஒரு வரி: இவர் கால் இனி வராது.

வேகம் கூடினால் உள்ளே சுழலும் எடைகள் வெளியே விரிந்து பிடிப்பு விடுகிற அமைப்பு வின்ச்சில் உண்டு. அதை வைத்துச் செய்தேன். கால் மடங்கும்போது டக் என்று ஒரு சத்தம் வந்தது. சனத்தை விட்டுப் பார்த்தோம். அந்த டக்கைக் கேட்பதற்கென்றே பிள்ளைகள் வேகமாகச் சுற்றின. சின்ன டக். அது போதும் அவர்களுக்கு. ரப்பர் வைத்து அதையும் கொன்றேன்.

பிறகு பொம்மையின் முகம். டிசைனர் வைத்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே கால் மடக்கினான். பார்த்தவர்களும் சிரித்தார்கள். லூர்துதான், "முதுகைக் காட்டுங்க, அடியில வேல செய்றவன் மூஞ்சிய எவன் பாத்தான்" என்றான். திருப்பி வைத்தோம். சிரிப்பு நின்றது.

இன்னொன்றும் கேட்டான். "நடுவுல ஒரு எடத்துல நிக்கணும் மேடம். நேரா ஏறக் கூடாது, ஒடம்புல சேந்த காத்து கொஞ்சங் கொஞ்சமா போவணும்." அதற்கு ஒரு பூட்டு வைத்தேன். பாதி உயரத்தில் சக்கரம் நின்றுவிடும். காத்திருந்தால் தானாகத் திறக்கும். சனத்துக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. உச்சுக் கொட்டினார்கள். மேடத்திடம் சொன்னேன்.

"உச்சுக் கொட்டட்டும். நின்னாங்களா?"

"நின்னாங்க."

அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

தண்ணீருக்கு மேலே ஒரு சின்ன வள்ளமும் கரையும் வைத்தோம். சரியாக ஏற்றினால் பொம்மை வள்ளத்தில் ஏறும், எழுந்து நடந்து கரைக்குப் போகும். கரையில் ஒரு சின்ன மணி அடிக்கும். அவ்வளவுதான். போகிறவர்களிடம் மேடம் கேட்டபோது ஒரு கிழவர் சொன்னார்: "அவசரப்பட்டா கால் போயிரும்னு சொல்லுவேன்." எழுதின வாக்கியம் அப்படியே இல்லை. போதும் என்றார்கள் மேடம். அவர்கள் போதும் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் அது யாருக்காகச் செய்ததோ அவன் வரவில்லை. லூர்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். சின்னப் பிள்ளை விளையாட்டுக்கு நான் எதுக்கு என்றானாம் ராயப்பன். கடைசியில் காற்று அடித்துக் கடலுக்குப் போக முடியாத ஒரு நாளில் அவன் அக்காள், லூர்து பெண்டாட்டி, அவனைத் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். கூட வள்ளத்துக்காரர்கள் சிலரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். லூர்து சக்கரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்தான். மேடம் தூணுக்குப் பின்னால்.

ராயப்பன் சக்கரத்தைப் பார்த்தான், பொம்மையைப் பார்த்தான். "இதுதானா" என்றான். ஒரே சுற்று. பாதிகூட ஏறவில்லை. கால் மடங்கியது. சக்கரம் கையில் வெறுமனே சுழன்றது.

"என்னவே, ஓடலியே?" என்று என்னைப் பார்த்தான்.

விளக்கக் கூடாது என்பது விதி. நின்றான். பொம்மை இறங்கிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒருவன், "ராயப்பா, காலக் குடுத்துட்டயேலே" என்றான். சிரித்தார்கள். அவன் அந்த வரியைப் படித்தான். மறுபடியும் பிடித்தான்.

இந்த முறை பார்த்துத்தான் சுற்றினான். பாதியில் பூட்டு விழுந்தது. உச்சுக் கொட்டினான். நின்றான். திறந்தது. மேலே ஏற்றினான். தண்ணீர் முடிகிற இடம் கண்ணுக்குத் தெரிந்ததும் கை தானாக வேகம் பிடித்தது. கால் மடங்கியது.

பின்னால் நின்றவர்கள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அங்கனதாம்லே" என்றான் லூர்து. "வெளிச்சம் தெரிஞ்சதும் வருவோம் பாரு. அங்கனதான் எனக்குப் போச்சு."

ராயப்பன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொம்மை அடிக்கு இறங்கும்வரை நின்றான். அக்காள்காரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் முறை சக்கரத்தைப் பிடித்தான். பாதிவரை ஏற்றினான். நின்றான். திறந்த பிறகும் கொஞ்சம் கூடவே நின்றுவிட்டு ஏற்றினான். தண்ணீருக்கு மேலே வெளிச்சம் தெரிந்தது. மெதுவாகச் சுற்றுவதற்குத்தான் அதிக பலம் வேண்டும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"கை வலிக்கி மச்சான்."

"வலிக்கட்டும். கைதான."

அவன் விடவில்லை. பொம்மை வள்ளத்தில் ஏறியது. நடந்து கரைக்குப் போனது. மணி அடித்தது. கைதட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காள்காரி மட்டும், "வா, சாப்பிடப் போவோம்" என்றாள்.

மேடம் வழக்கமான கேள்வியை அவனிடம் கேட்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

புதுப் பிள்ளைகள் சொல்கிறார்கள், திரையில் அதே குளியாள் வருவானாம், விரலால் மேலே இழுத்தால் ஏறுவானாம், வேகமாக இழுத்தால் திரை சிவந்து நட்சத்திரம் வெடிக்குமாம். அட்டையில் செய்து பார்த்தீர்களா என்று கேட்டேன். திரையை எப்படி அட்டையில் செய்ய என்று சிரித்தார்கள். காபி கொடுத்து அனுப்பினேன்.

ராயப்பன் கடலுக்கடியில் எப்படி ஏறுகிறான் என்று நான் பார்த்ததில்லை. எனக்கு அங்கே வேலை இல்லை. இன்றைக்கும் சங்குக்குப் போகிறான். விடியலில் எங்கள் தெரு வழியாகத்தான் போவான், நடந்து. அதற்கு எங்கள் சக்கரம்தான் காரணம் என்று சொல்லிப் பில் போட நான் ஒப்பந்தக்காரன் இல்லை.